தூண்டில் கோல், கைவினை

மீன்பிடிப்பவர் தம் கைக்கும் நீர்நிலைக்கும் நாடும் மீனுக்கும் ஏற்ப வீட்டிலேயே செய்துகொள்ளும் கழி. முழு மூங்கில், பிளவு மூங்கில், கண்ணாடியிழை, கார்பன் இழை என வகைப்படும்.

வேலூர் வட்டாரத்துக்கு நெருக்கமானது முதல் வகை. ஜவ்வாது மலையில் வளரும் கல் மூங்கில், வறண்ட நிலத்தில் உள்துளை குறுகி ஏறத்தாழக் கெட்டியாகவே இருப்பதால் எளிதில் முறியாது. முற்றிய கழியை நிழலில் உலர்த்தி, கோணலை அனலில் வாட்டி நிமிர்த்துவர். நுனியில் நரம்பு கட்டித் தக்கையும் முள்ளும் சேர்த்தால் ஏரிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது தாராளம்.

பிளவு மூங்கிலே கைத்திறனின் உச்சம். மூங்கிலை முக்கோணக் குறுக்குவெட்டுள்ள ஆறு கீற்றுகளாகச் சீவி, உறுதிமிக்க புறநார் வெளிப்பக்கம் அமையுமாறு ஒட்டுவர், கோல் அறுகோணமாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, அமெரிக்கக் கைவினைஞர்கள் இதற்கு இந்தியாவிலிருந்து சென்ற 'கல்கத்தா மூங்கிலை' விரும்பினர். பின்னர் சீனாவின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

அதே நூற்றாண்டில் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிச் சென்னை மாகாண ஆட்சிப்பணியாளர் ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' 1873இல் வெளிவந்தது. ஏரித் தூண்டிலுக்கென்றே தனி நூலும் எழுதினார்.

இழைக் கோல் செய்வோர் ஆயத்தக் குழாயை வாங்கி, அது இயல்பாக வளையும் பக்கத்தை முதலில் கண்டறிவர். அதற்கேற்ப நரம்பு ஓடும் வளையங்களை வைத்து நூலால் நெருக்கிச் சுற்றி, எபாக்சி பூசுவர். பூச்சு ஒருபக்கம் வழிந்து தேங்காதிருக்க, இறுகும்வரை கோலை மெதுவாகச் சுழற்றுவர். கைப்பிடிக்குத் தக்கை மரப்பட்டை, நுரைப்பொருள், தோல் ஆகியவை பயன்படுகின்றன.