எடிர்னேயின் குவிமாடம்: ஊச் ஷெரெஃபெலியிலிருந்து செலிமியே வரை

செலிமியே பள்ளிவாசலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹாகியா சோஃபியாவிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அதைக் கட்டிய சினானே எனலாம். முதுமையில் அவர் சொல்லக் கேட்டு சாயி முஸ்தஃபா செலெபி எழுதிய வரலாற்றில் இது குறித்த ஒரு பகுதி உண்டு. அவ்வளவு பெரிய குவிமாடத்தை எழுப்ப முஸ்லிம்களுக்கு இயலாது என்று கிறித்தவக் கட்டடக் கலைஞர்கள் பேசிவந்தது சினானின் நெஞ்சை உறுத்தியதாம். சுல்தான் இரண்டாம் சலீமின் ஆட்சியில் எடிர்னேயில் ஹாகியா சோஃபியாவைச் சில முழங்கள் விஞ்சும் குவிமாடத்தைக் கட்டி அந்த மனக்குறையைத் தீர்த்துக்கொண்டாராம்.

இன்றைய அளவைகள் இந்தக் கூற்றை முழுமையாக ஏற்பதில்லை. செலிமியே குவிமாடத்தின் விட்டம் 31 மீட்டருக்குச் சற்றே அதிகம். ஹாகியா சோஃபியாவின் விட்டமும் ஏறத்தாழ அதே அளவுதான். அது பலமுறை இடிந்து செப்பனிடப்பட்டதால் துல்லியமான வட்டமாகக்கூட இல்லை. தரையிலிருந்து உச்சிவரை அளந்தாலோ ஹாகியா சோஃபியா 55 மீட்டரைத் தாண்டுகிறது. செலிமியே ஏறக்குறைய 43 மீட்டரில் நின்றுவிடுகிறது. அளவுப் போட்டியாக மட்டும் பார்த்தால் செலிமியேயின் சாதனை மிகச் சிறியதாகிவிடும். அதன் மேன்மை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண, ஹாகியா சோஃபியா எழுந்த 532 - 537 காலத்துக் கான்ஸ்டான்டிநோபிளைவிட, செலிமியேயிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இன்னொரு பள்ளிவாசலில் தொடங்குவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அது ஊச் ஷெரெஃபெலி பள்ளிவாசல். இஸ்தான்புல் கைப்பற்றப்படுவதற்கு முன், எடிர்னே உதுமானியத் தலைநகராக இருந்த காலத்தில் இரண்டாம் முராத் எழுப்பியது, 1447இல் நிறைவடைந்தது. அதற்கு முந்தைய உதுமானியப் பெரும் பள்ளிகள் பல சிறு குவிமாடங்களை அடுக்கியவை. 1400 வாக்கில் முடிந்த புர்சா பெரிய பள்ளிவாசலில் 20 குவிமாடங்கள். எடிர்னேயின் பழைய பள்ளிவாசலில் 9. உள்ளே போனால் தூண்காடு. வரிசையாகத் தோளோடு தோள் நின்று தொழும் ஜமாஅத்துக்கு ஒவ்வொரு தூணும் ஓர் இடைமறிப்பு. ஸஃப் எனும் தொழுகை வரிசை அங்கங்கே அறுபடும். பின்வரிசையில் இருப்பவருக்குத் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் தெரியாது. ஊச் ஷெரெஃபெலியைக் கட்டியவர் நடுவே 24 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குவிமாடத்தை அறுகோணமாக அமைந்த ஆறு தாங்கிகள்மேல் ஏற்றினார். அவற்றில் நான்கு சுவரோடு ஒன்றியவை. இரண்டு மட்டுமே தரையில் தனித்து நிற்பவை. அதுவரை உதுமானியர் கட்டியதில் அதுவே மிகப் பெரிய குவிமாடம்.

ஆனால் அந்த இரண்டு தூண்களும் மிகப் பருத்தவை. இருபுறமும் சிறு குவிமாடங்களுக்குக் கீழே உள்ள பகுதி நடுக்கூடத்திலிருந்து துண்டுபட்டு மங்கலாகக் கிடக்கிறது. புதிய எண்ணம் வந்துவிட்டது. அதை நிறைவேற்றும் நுட்பம் இன்னும் கைவரவில்லை. உதுமானியக் கட்டடக்கலையின் அடுத்த நூற்றாண்டை இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியாகவும் வாசிக்கலாம்.

1453இல் இஸ்தான்புல் கைப்பற்றப்பட்டபின் அந்த முயற்சி சிறிது காலம் திசைமாறியது. ஹாகியா சோஃபியா கண்முன் நின்றபோது அதன் அரைக் குவிமாடங்களை ஒவ்வொன்றாகக் கடன் வாங்குவதே பெரும் பள்ளிகளின் வழியாயிற்று. மெஹ்மத் வெற்றிவேந்தரின் பள்ளியில் ஓர் அரைக் குவிமாடம், 1506இல் முடிந்த பாயசீத் பள்ளியில் இரண்டு, சினான் 1548இல் முடித்த ஷெஹ்சாதே பள்ளியில் நான்கு. 1557இல் நிறைவடைந்த சுலைமானியேயில் அவர் மீண்டும் இரண்டுக்கே திரும்பினார். இவற்றில் பிந்தைய மூன்றிலும் நடுக் குவிமாடத்தின் பாரம் நான்கு பெருந்தூண்களில் இறங்குகிறது. சுலைமானியே மாபெரும் படைப்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே கூடத்தின் ஓரங்களில் நிற்பவர், தான் நடுவெளியில் இல்லை என்பதை உணர்வார்.

சுலைமானியேயின் வேலை நடந்த அதே ஆண்டுகளில் பெஷிக்டாஷில் கடற்படைத் தளபதி சினான் பாஷாவுக்காக நம் சினான் ஒரு சிறிய பள்ளியைக் கட்டினார். அதன் தரைப்படம் ஊச் ஷெரெஃபெலியின் நேரடி மறுபதிப்பு: அறுகோணம், இரண்டு தனித்தூண்கள், பக்கவாட்டில் சிறு குவிமாடங்கள். நூறாண்டுக்கு முந்தைய வடிவத்தை அவர் ஏன் திரும்ப எடுத்தார்? பழைய கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கவே என்று நினைக்கிறேன். 1560களின் தொடக்கத்தில் தலைமை அமைச்சர் ருஸ்தம் பாஷாவின் பள்ளியில் எண்கோணத்தைச் சோதித்தார். செலிமியேக்கான பாதை பெரிய அரச பள்ளிகளை விட, தளபதிக்கும் அமைச்சருக்கும் கட்டிய இந்தச் சிறு பள்ளிகளின் வழியேதான் தெளிவாகப் போகிறது.

செலிமியேக்கான ஆணை 1568இல் பிறந்தது. எண்பதை நெருங்கிய சினான் எடிர்னேயின் உயரமான மேட்டைத் தேர்ந்தார். சைப்ரஸ் வெற்றியில் கிடைத்த செல்வத்தில் பள்ளி கட்டுமாறு நபிகள் நாயகம் சுல்தானின் கனவில் தோன்றிச் சொன்னதாக ஒரு கதையை எவ்லியா செலெபி பதிவுசெய்கிறார். சைப்ரஸ் போர் 1570 - 71இல் நடந்தது. திட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சைப்ரஸ் செல்வம் கட்டுமானத்துக்கு உதவியிருக்கலாம். தூண்டுகோலாக இருந்திருக்க முடியாது.

உள்ளே எட்டுப் பெருந்தூண்கள். ஊச் ஷெரெஃபெலியின் இரண்டு தூண்கள் கூடத்தை வெட்டின. செலிமியேயின் எட்டும் அதை வெட்டவில்லை. சினான் அவற்றைச் சுவர்களை ஒட்டித் தள்ளி வைத்தார். தூணுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே மாடங்களையும் வளைவுகளையும் நுழைத்ததால், குவிமாடத்தின் உதைப்பைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் பார்வையிலிருந்து மறைந்துபோயின. பாரத்தில் பங்கேற்காத சுவர்ப்பரப்பில் தயங்காமல் சாளரங்களைத் திறக்க முடிந்தது. மூலைகளில் நான்கு சிறிய அரைக் குவிமாடங்கள் மட்டும் எண்கோணத்தைச் சதுரத்தோடு இணைக்கின்றன. கிப்லாச் சுவரில் மிஹ்ராப் பின்னோக்கி உள்வாங்கிய தனி மாடத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் சாளர ஒளி. அங்கே இஸ்னிக் ஓடுகளின் நீலமும் தக்காளிச் சிவப்பும் காலையில் வேறு, மாலையில் வேறு. முன்வரிசையின் வலக்கோடியில் நிற்பவருக்கும் பின்வரிசையின் இடக்கோடியில் நிற்பவருக்கும் தலைக்குமேல் இருப்பது ஒரே குவிமாடம்.

மினாராக்களிலும் பழைய பள்ளியே அவருடைய அளவுகோல். ஊச் ஷெரெஃபெலியின் பெரிய மினாரா ஏறத்தாழ 67 மீட்டர். மூன்று மாடங்களுக்கும் தனித்தனிப் படிக்கட்டு. அதனால் கோட்டைக் கோபுரம்போல் பருத்தது. செலிமியேயின் மினாராக்கள் 70 மீட்டரைத் தாண்டுகின்றன, ஆனால் மெலிந்தவை. அவற்றில் இரண்டின் உள்ளே மூன்று படிக்கட்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் சுழன்றேறுகின்றன. சாயி முஸ்தஃபாவின் நூலிலேயே இந்த ஒப்பீடு இருக்கிறது. தாம் யாரோடு உரையாடுகிறோம் என்பதைச் சினானே சொல்லிவிட்டார். நாம்தான் ஹாகியா சோஃபியாவைப் பற்றிய வரிகளை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறோம்.

நடுக்கூடத்தில், குவிமாடத்தின் மையத்துக்கு நேர்கீழே, மோதினார்களுக்கான மேடை பன்னிரண்டு பளிங்குக் கால்களில் நிற்கிறது. அடியில் ஒரு சிறு நீரூற்று. வாசலிலிருந்து நேரே மிஹ்ராபைப் பார்க்க விடாமல் மறைக்கிறது என்று இதைக் குறைசொன்ன ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் குறை உண்மைதான். எனினும் எண்கோணத்துக்கு ஒரு மையம் இருக்கிறது என்பதைத் தரையில் காட்டுவதும் இந்த மேடைதான். அதன் கால்களில் ஒன்றில் விரல்நீளத்துக்கு ஒரு துலிப் மலர் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. தொட்டுப் பார்ப்பவர்களின் கைபட்டு மழுங்கியிருக்கிறது. நிலத்தைக் கொடுக்க மறுத்து முரண்டுபிடித்த துலிப் தோட்ட உரிமையாளரின் நினைவு அது என்பது செவிவழிக் கதை.

1574 டிசம்பரில் சலீம் இறந்தார். பள்ளி 1575 மார்ச்சில் தொழுகைக்குத் திறந்தபோது அவர் இல்லை. அதற்குள்ளாகவே, 1573இல், ஹாகியா சோஃபியாவைச் செப்பனிடும் பொறுப்பும் சினானிடம் வந்திருந்தது. சாய்ந்துகொண்டிருந்த சுவர்களுக்கு அவர் முட்டுக் கொடுத்தார். தாம் விஞ்ச நினைத்த கட்டடத்தைக் காப்பாற்றும் வேலையையும் அதே ஆண்டுகளில் செய்தார். மேட்டுச் சரிவில் நீளும் கடைத்தெரு மூன்றாம் முராத் காலத்தில் தாவூத் ஆகா சேர்த்தது. அதன் வாடகை பள்ளியின் வக்ஃபுக்குப் போயிற்று.

பிறகு வந்தவை போர்கள். 1878இல் ஊரைப் பிடித்த ரஷ்யப் படையினர் சுல்தானின் தொழுகை மாடத்திலிருந்து இஸ்னிக் ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த வெற்றிடம் இன்றும் தெரிகிறது. 1912 - 13 பால்கன் போரின் முற்றுகையில் பீரங்கிக் குண்டு குவிமாடத்தைத் தாக்கியது. கட்டடம் நின்றது. 2011இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எண்கோணத் திட்டம் அமைச்சர்களின் நடுத்தரப் பள்ளிகளில் தொடர்ந்தது. இஸ்தான்புல்லின் பெரிய அரச பள்ளிகள் அதைத் தொடரவில்லை. 1609இல் தொடங்கிய சுல்தான் அகமது பள்ளிக்கு அதன் கலைஞர் மெஹ்மத் ஆகா தேர்ந்தெடுத்தது, சினான் தம் பயில்நிலைப் படைப்பு என்று சொன்னதாகக் கூறப்படும் ஷெஹ்சாதேயின் நான்கு அரைக் குவிமாடத் திட்டத்தை. தொலைவிலிருந்து படிப்படியாக இறங்கும் குவிமாட அடுக்கு தலைநகரின் வானவிளிம்புக்கு ஏற்றது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை உள்ளே தெரிகிறது: 23 மீட்டரே விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்க, ஏறத்தாழ 5 மீட்டர் தடிமனுள்ள நான்கு தூண்கள், ஸஃப்களின் நடுவே.