ஊழியனுக்கு இட்ட வரம்பு

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் காரியங்களை முற்காலத்தில் எட்டரை யோகம் என்னும் சபை நடத்தி வந்தது. உறுப்பினர் எண்மருக்கு ஆளுக்கொரு வாக்கும், நாடாளும் அரசருக்கு அரை வாக்கும் அதில் இருந்தன என்பது மரபுவழிச் செய்தி. நாட்டுக்கு அவர் அரசர். ஆயினும் கோயில் காரியம் அவருடைய விருப்பம் ஒன்றினால் மட்டும் நடந்துவிடாது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அந்தச் சபையின் அதிகாரத்தைக் குறைத்தார் என்பதும், அதனால் விளைந்த பூசல்களும் சரித்திரம் படித்தோர் அறிந்தவையே. தலைவனையும் கட்டும் விதி ஒன்று வேண்டுமா என்ற அந்தப் பழைய கேள்வி, நம் காலத்தில் கணிப்பொறிக்குள்ளும் எழுந்தது. அதன் வரலாற்றையே இன்று காணப் புகுகிறோம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அண்மையில் உள்ளது ஒற்றசேகரமங்கலம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இப்பகுதியில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைகளும் கேரளத்துப் பள்ளிகளிலேயே கணிப்பொறி கற்கின்றனர். அம்மாநிலத்து அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தை வழங்கி வருகிறது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமே 2017இல் இந்நிறுவனமாக உருப்பெற்றது. நாம் பேசப்போகும் காவல் விதி அந்த இயங்குதளத்தினுள் ஓசையின்றி அமர்ந்திருக்கிறது.

கணிப்பொறியில் எவர் கண்ணுக்கும் புலப்படாமல், ஏவல் வரும்வரை காத்திருந்து வேலை செய்யும் நிரல்கள் பல உண்டு. அச்சிடுவதற்கு ஒன்று, கடிதம் கொண்டு செல்வதற்கு ஒன்று, வலைப்பக்கம் வழங்குவதற்கு ஒன்று. இவற்றைப் பணிநிரல்கள் என்போம். இவற்றுள் சில, ‘ரூட்’ எனப்படும் தலைமை நிருவாகியின் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. பழைய முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அதன் உடைமையாளரே தம் விருப்பப்படி முடிவு செய்வார். தலைமை நிருவாகிக்கோ எந்தத் தடையும் இல்லை. இதற்கு விருப்ப அணுகல் கட்டுப்பாடு என்று பெயர். அச்சுப் பணிநிரலில் ஒரு பிழை இருந்து, அதன் வழியே அயலான் ஒருவன் உள்ளே நுழைந்தால், அந்த ஊழியனுக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அவன் கைக்குப் போய்விடும். வாயிற்காவலனை வசப்படுத்தியவனுக்கு வீடு முழுவதும் திறந்துகிடப்பது போன்றது இது.

இந்த அபாயத்தை முதலில் உணர்ந்தவர்கள் இராணுவத்தார். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நமக்கு, ‘இரகசியம்’, ‘மந்தணம்’ என்ற முத்திரைகள் பழக்கமானவை. முத்திரையிட்ட தாளை, அதை எழுதியவரேயாயினும் நினைத்தவரிடம் கொடுத்துவிட முடியாது. விதி தாளோடு செல்கிறது. ஆளின் விருப்பத்தோடு செல்வதில்லை. காகிதத்தில் நிலவிய இவ்வொழுங்கைக் கணிப்பொறிக்கு எவ்வாறு கொண்டுவருவது? 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கை, ஒவ்வொரு அணுகலையும் தவறாது சோதிக்கும் நடுவர் ஒருவர் இயங்குதளத்தில் இருக்கவேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, மைட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் பெல், லியனார்ட் லபதுலா இருவரும் அதற்குக் கணித வடிவம் தந்தனர். கீழ்நிலையில் உள்ளவன் மேல்நிலைத் தாளைப் படித்தலாகாது. மேல்நிலையில் உள்ளவன் கீழ்நிலைத் தாளில் எழுதி இரகசியத்தைக் கசியவிடலும் ஆகாது என்பது அதன் சாரம். 1983இல் வெளியாகி 1985இல் திருத்தம் பெற்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ இதைக் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று குறித்தது.

ஆயினும் இது நெடுங்காலம் இராணுவத்தின் உடைமையாகவே இருந்தது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்னும் நிரல், பணிநிரல்களின் பிழைகள் வழியே புகுந்து ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணறச் செய்தது. பொதுமக்களின் கணிப்பொறிகளுக்கும் காவல் தேவை என்பது அதன்பின் மெல்ல மெல்லப் புலனாயிற்று. 2000 டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, எஸ்.இ.லினக்ஸ் என்னும் காவல் முறையை மூலநிரலோடு வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸ் கருவில் இணைந்தது. இம்முறையில் நிரலுக்கும் கோப்புக்கும் முத்திரைகள் உண்டு. இன்ன முத்திரை இன்னதைத் தொடலாம் என்று எழுதப்படாத யாவும் மறுக்கப்படும். இம்யூனிக்ஸ் நிறுவனத்தில் தோன்றி, 2010இல் லினக்ஸ் கருவில் இணைந்த ஆப்பார்மர் என்னும் மற்றொரு முறையோ, கோப்பு இருக்கும் பாதையைக் கொண்டே விதி செய்கிறது. உபுண்டுவில் உள்ளது இதுவே. 2014இல் வந்த ஐந்தாம் ஆண்ட்ராய்டு முதல், அவ்வகைக் கைப்பேசிகளிலும் எஸ்.இ.லினக்ஸ் முழுமையாகக் காவல் புரிகிறது.

இனி, ஓர் எடுத்துக்காட்டு. காகிதத்திற்குப் பதிலாகப் பி.டி.எஃப் கோப்பாகவே அச்சிட்டுத் தரும் துணைநிரல் ஒன்று லினக்ஸில் உண்டு. உபுண்டுவின் விதியேடு, பயனரின் வீட்டு அடைவில் ‘பி.டி.எஃப்’ என்ற உறையில் மட்டும் எழுத அதற்கு அனுமதி தருகிறது. ஆசிரியர் ஒருவர் வினாத்தாள்களை வேறோர் உறையில் சேர்க்க விரும்பி அமைப்பை மாற்றுகிறார் என்று கொள்வோம். அச்சு ஏவப்படுகிறது, கோப்பு வரவில்லை. அந்த உறையின் அனுமதிகளை எல்லாருக்கும் திறந்துவிட்டும் பயன் இல்லை. நிருவாகியாக நுழைந்து மீண்டும் முயன்றும் பயன் இல்லை.

இவ்விடத்தில் இரு வழிகள் பிரிகின்றன. காவலையே அணைத்துவிடுவது ஒன்று. ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு கோப்புக்காக வீட்டுக் கதவு முழுவதையும் கழற்றியதாகும். மற்றது, பதிவேட்டைப் படிப்பது. எந்த நிரல், எந்தக் கோப்பை, என்ன செய்ய முயன்று மறுக்கப்பட்டது என்பது அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டு, புதிய உறைக்கு எழுத அனுமதி தரும் ஒரு வரியை நம் இடத்துக்கென உள்ள துணையேட்டில் சேர்த்து, விதியேட்டை மீண்டும் ஏற்றினால் போதும். மூல ஏட்டைத் தொடாமல் துணையேட்டில் எழுதுவதால், இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது நம் வரி அழியாது.

புதிய பணிநிரலுக்கு விதி செய்வோரும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றனர். முதலில் தடுக்காமல் புகார் மட்டும் எழுதும் நிலையில் காவலை வைத்து, நிரலின் வழக்கமான வேலைகள் யாவற்றையும் செய்யவிடுவர். பின்பு பதிவேட்டில் சேர்ந்த புகார்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தேவையானதை அனுமதித்துத் தேவையற்றதை விலக்குவர். அதன் பின்னரே தடுக்கும் நிலைக்கு மாற்றுவர். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். புகார்களை எல்லாம் ஆராயாமல் ஒருங்கே அனுமதியாக மாற்றும் விதியேடு, வெற்றுத்தாளுக்குச் சமம்.

இவ்வேற்பாடு எல்லாப் பிழைகளையும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. நிரலில் பிழை இருக்கலாம். அயலான் நுழையவும் கூடும். நுழைந்தவன் அந்த ஊழியனுக்கு இட்ட வரம்புக்குள்ளேயே நிற்கவேண்டியிருக்கும் என்பதே இதன் பயன். வரம்பு இடையூறாகத் தோன்றும் நாளில் அதை உடைக்காமல், ஏன் தடுத்தது என்று கேட்டு அளவாகத் திருத்துபவரே நல்ல நிருவாகி. எல்லையோரப் பள்ளியில் இன்று கணிப்பொறி பழகும் மாணவர், நாளை ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பில் அமரலாம். மறுக்கப்பட்டது என்ற பதிவைக் கண்டவுடன் காவலை அணைக்கக் கை நீளாமல், அந்த வரியை முதலில் படிக்கும் பழக்கம் அவருக்குப் பள்ளியிலேயே அமைவதாக.