ஏரிக்கரையில் ஒரு டெக்

அமெரிக்க வீடுகளின் பின்பக்கம் மரப்பலகை அடித்து, கைப்பிடி வைத்து ஒரு திறந்த மேடை கட்டியிருப்பார்கள். டெக் என்று பெயர். நம்மூர்த் திண்ணையைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் வைத்த மாதிரி. கோடை வந்துவிட்டால் சமையல், சாப்பாடு, அரட்டை எல்லாம் அங்கேதான். இந்த டெக்கை நாலடி நீட்டலாம்னு ஆசைப்பட்டால் சில சமயம் ஒரு வாரியத்தின் முன்னால் போய் நிற்க வேண்டிவரும். விஸ்கான்சின் மாநிலத்தில் அப்படி ஒரு டெக் மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. தீர்ப்பு வந்த வருடம் 1998.

செட்பேக் என்ற சொல் இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் பழக்கம்தான். மனை எல்லையிலிருந்தோ நீர்நிலையிலிருந்தோ இத்தனை அடி விட்டுத்தான் கட்டணும் என்கிற விதி. அந்த இடைவெளிக்குள் கட்டுவதற்கு, ‘என் மனைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள்’ என்று கேட்பதுதான் வேரியன்ஸ். விதி அப்படியே இருக்கும். ஒரு மனைக்கு மட்டும் விலகல்.

இந்த ஏற்பாட்டின் வேர் நியூயார்க்கில். 1915இல் மன்ஹாட்டனில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. 38 மாடி, நடைபாதை விளிம்பிலிருந்து நெட்டுக்குத்தாக. சுற்றுத் தெருக்களில் வெயில் போச்சு. அடுத்த வருடமே, 1916இல், எங்கே வீடு, எங்கே கடை, எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி என்று நகரம் முழுவதற்கும் மண்டல விதிகள் வந்தன. (அந்தக் கட்டடம் மட்டும் காரணமல்ல. துணி தைக்கும் பட்டறைகளும் அவற்றின் தொழிலாளர்களும் தங்கள் தெருப்பக்கம் வரக்கூடாது என்று ஃபிஃப்த் அவென்யூ கடைக்காரர்கள் கொடுத்த நெருக்கடியும் உண்டு. அது தனிக்கதை.)

விதிகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞர். அவருக்கு ஒரு பயம் இருந்தது. ஊர் முழுக்க ஒரே அளவுகோல் போட்டால், கோணல்மாணலான மனை வைத்திருக்கும் யாரோ ஒருவர் நிச்சயம் மாட்டிக்கொள்வார். அவர் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட் மொத்தச் சட்டத்தையும் தூக்கிக் கடாசிவிட்டால்? அதனால் ஒரு மேல்முறையீட்டு வாரியம் வைத்து, ‘நடைமுறைச் சிரமமோ தேவையற்ற இன்னலோ’ இருந்தால் விலக்குத் தரலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். குக்கர் வெடிக்காமலிருக்க வால்வு வைப்பதில்லையா, அதுபோல.

1920களில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலிருந்த வணிகத் துறை ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. மாநிலங்கள் பல அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அதில் நடைமுறைச் சிரமம் காணாமல் போய், தேவையற்ற இன்னல் மட்டும் தங்கியது. 1926இல் யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்று சொன்னதும் நாடு முழுக்க அது பரவிவிட்டது.

சரி, இன்னல் என்றால் எவ்வளவு இன்னல்? 1939இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கடுமையான பதில் தந்தது. அனுமதிக்கப்பட்ட எந்த உபயோகத்திலும் அந்த நிலத்திலிருந்து நியாயமான வருமானம் வராது என்று காட்ட வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஸ்கேட்டிங் அரங்கம் கட்டக் கேட்ட வழக்கு அது. அங்கே அந்தக் கண்டிப்பு பொருத்தம்தான். நிலத்தின் உபயோகமே மாறுகிறதே. டெக் விஷயம் வேற. வீடு வீடாகவேதான் இருக்கும். சில அடிகள்தான் பிரச்சினை.

இப்போது விஸ்கான்சினுக்கு வருவோம். அங்கே ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. படகு செல்லும் நீர் எல்லாம் மக்களுக்குப் பொது, மாநிலம் அதற்கு அறங்காவலர் என்பது 1848 அரசியலமைப்பிலிருந்தே வரும் கொள்கை. 1960களின் நடுவில் வந்த சட்டம் ஏரிக்கரைகளுக்குத் தனி மண்டல விதி போடும்படி கவுண்ட்டிகளுக்கு உத்தரவிட்டது. நீர் விளிம்பிலிருந்து 75 அடிக்குள் கட்டக்கூடாது என்பது அதன் முதுகெலும்பு. கரையில் புல்லும் புதரும் இருந்தால்தான் மழைநீர் மண்ணோடு ஏரிக்குள் பாயாது.

கெனோஷா கவுண்ட்டியில் ஒரு வீட்டுக்காரர் ஏரிப்பக்கம் டெக் கட்ட நினைத்தார். அது 75 அடிக் கோட்டைத் தாண்டியது. கவுண்ட்டி வாரியம் சரி என்றது. மாநில அரசே வழக்குப் போட்டது! உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி: டெக் இல்லாவிட்டால் இந்த இடத்தை நியாயமாகப் பயன்படுத்தவே முடியாதா? வீடு இருக்கிறது, குடியிருக்க முடிகிறது. அப்புறம் என்ன இன்னல்? வேரியன்ஸ் ரத்து.

ஸ்கேட்டிங் அரங்கத்துக்குத் தைத்த சட்டையை டெக்குக்கு மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கு டெக் என்றைக்கும் பதில் சொல்ல முடியாது. வீடு இருந்தாலே தோல்விதான். ஆனால் நீதிமன்றத்தின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஒரு டெக்கால் ஏரி கெடாது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், அவரைப் பார்த்து அடுத்தவர். இந்த மாநிலத்து ஏரியைச் சுற்றி எத்தனை வீடுகள் இருக்கும்னு யோசித்துப் பாருங்கள்.

2004இல் அதே நீதிமன்றம் இன்னொரு ஏரிக்கரை வீட்டு வழக்கில் இந்த அளவுகோலைக் கைவிட்டது. உபயோகத்தை மாற்றக் கேட்டால் பழைய கண்டிப்பு. அடிக்கணக்கு மட்டும் என்றால், விதியைப் பின்பற்றுவது தேவையில்லாத பாரமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மற்ற நிபந்தனைகள் அப்படியே: சிரமம் மனையின் அமைப்பிலிருந்து வர வேண்டும், குடும்பம் பெரிசாச்சு என்பது செல்லாது, தானே இழுத்துக்கொண்டதாக இருக்கக்கூடாது, பொதுநலனுக்குக் கெடுதல் கூடாது. 2017இல் சட்டமன்றம் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

அதே மாநிலச் சட்டத்தில் வேறொரு வழியும் இருக்கிறது. நீரிலிருந்து குறைந்தது 35 அடி தள்ளி, 200 சதுர அடிக்கு மிகாமல், பக்கங்கள் திறந்தோ வலையடித்தோ இருந்தால், 75 அடிக்குள்ளேயே ஒரு அமைப்புக்குக் கவுண்ட்டி அனுமதி தந்தாக வேண்டும். பதிலுக்கு, அந்த 75 அடியில் நீரை ஒட்டிய பாதியில் 70 சதவீதமாவது செடிகொடிகளாக விட்டுவைக்கணும்.