அந்த எண் எந்தக் காருடையது?

1949ஆம் ஆண்டு மே 30. பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட் நகருக்குப் பக்கத்தில் ஜபெக் என்றொரு ஊர். அதை ஒட்டி, வளைவே இல்லாமல் நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலை. பிரிட்டனிலிருந்து விமானத்தில் அழைத்து வரப்பட்ட பத்திரிகையாளர்கள் சாலையோரம் காத்து நிற்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு வெள்ளைக் கார் அவர்களைக் கடந்து சீறிப் போகிறது. ஓட்டியவர் ஜாகுவார் கம்பெனியின் சோதனை ஓட்டுநர் ரான் சட்டன். நேரத்தை அளந்தவர்கள் பெல்ஜியம் ராயல் ஆட்டோமொபைல் கிளப்காரர்கள். வேகம் மணிக்கு 132.6 மைல். நம் கணக்கில் 213 கிலோமீட்டர்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? ஒரு பெயரைக் காப்பாற்றத்தான். அதற்கு ஏழு மாதம் முன்பு, 1948 அக்டோபரில், லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஜாகுவார் ஒரு காரை நிறுத்தியது. பெயர் எக்ஸ்கே120. அந்த 120 என்பது மாடல் எண் மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் அது ஒரு வாக்குறுதி. இந்தக் கார் மணிக்கு 120 மைல் போகும் என்று அர்த்தம். அதே கண்காட்சியில் அறிமுகமான மோரிஸ் மைனர், முக்கி முனகி 60 மைலைத் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜாகுவாரின் விலையோ, வரி நீங்கலாக ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. 'இந்த விலைக்கு இந்த வேகமா? சும்மா விடுகிறார்கள்' என்று பலரும் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நம்பாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவது என்று கம்பெனியின் தலைவர் வில்லியம் லயன்ஸ் முடிவு செய்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 132.6 மைல் போனபோது அந்தக் காரில் முன்பக்கக் கண்ணாடி இல்லை. கழற்றி வைத்துவிட்டார்கள். காற்று வழுக்கிக்கொண்டு போக, அடிப்பகுதியை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். கண்ணாடியும் துணிக்கூரையும் மாட்டி, நீங்களும் நானும் ஓட்டுவதுபோல ஓட்டியபோது வேகம் 126 மைல்தான். இரண்டு ஓட்டமும் ஒரே நாளில், ஒரே சாட்சிகள் முன்னால் நடந்தன. இரண்டு எண்களும் வெளியே சொல்லப்பட்டன. குறைந்த எண்ணே 120ஐத் தாண்டிவிட்டதால் ஜாகுவார் சொன்ன சொல் தப்பவில்லை. ஆனால் விளம்பரத்திலும் ஜனங்கள் ஞாபகத்திலும் நின்றது எது? 132தான்.

ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் சொல்லும் வேகத்தையும் சக்தியையும் நம்பலாமா என்ற பழைய கேள்விக்கு அந்தப் பகல் பொழுதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெரும்பாலும் எண் உண்மைதான். எந்தக் காரின் எண் என்பதில்தான் சூட்சுமம். ஷோரூமில் சொன்ன மைலேஜை நம்பி பைக் வாங்கியவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அந்த மைலேஜும் பொய்யில்லை. ஆய்வுக்கூடத்தில், உருளைகள்மேல், குண்டும் குழியும் சிக்னலும் இல்லாமல், பின்னால் ஆள் ஏறாமல் ஓடிய ஒரு பைக்கின் மைலேஜ் அது.

*

ஜபெக்கில் சாட்சிகள் இருந்தார்கள். சரி, சாட்சி இருந்தால் போதுமா?

1961 மார்ச்சில் அதே ஜாகுவார் ஜெனீவாவில் இ-டைப் காரை வெளியிட்டது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். சொன்ன வேகம் மணிக்கு 150 மைல். இந்த முறை கம்பெனி யாரையும் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போகவில்லை, பத்திரிகைகளின் கையிலேயே காரைக் கொடுத்துவிட்டது. 'ஆட்டோகார்' இதழ் ஓட்டிப் பார்த்தது: 150.4 மைல். 'தி மோட்டார்' இதழ் கூரை திறந்த இன்னொரு காரை ஓட்டியது: 149.1 மைல். சுதந்திரமான பத்திரிகைகள், சுதந்திரமான அளவீடுகள். இதற்குமேல் என்ன வேண்டும்?

பிறகு காசு கொடுத்து வாங்கியவர்கள் ஓட்டினார்கள். அவர்களுடைய கார்கள் 150ஐ எட்டவில்லை. 140ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் மூச்சு வாங்கின. பத்திரிகைக்காரர்கள் பொய் எழுதவில்லை, அவர்கள் அளந்தது அளந்ததுதான். ஆனால் அவர்களிடம் வந்தவை கம்பெனியே பார்த்துப் பார்த்துத் தயார் செய்த கார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் வீடு இருக்குமே, அந்த மாதிரி. சாட்சி நேர்மையானவராக இருந்தும், அவர் பார்த்த பொருளும் நம் கைக்கு வந்த பொருளும் வேறாக இருக்கலாம்.

முப்பது வருஷம் கழித்து ஜாகுவார் இன்னொரு முறை எண்ணையே பெயராக வைத்தது: எக்ஸ்ஜே220. 1988இல் பர்மிங்காம் கண்காட்சியில் காட்டியபோது அதில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் விசை. தயாரிப்புக்கு வந்தபோது என்ஜின் ஆறு சிலிண்டராகவும், விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமாகவும் மாறியிருந்தது. 50,000 பவுண்டு முன்பணம் கட்டியவர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992இல் இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் பந்தய வீரர் மார்ட்டின் பிரண்டில் ஓட்டியபோது கிடைத்தது 217.1 மைல். அதுவும் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர்களைக் கழற்றிவிட்டு. 1949இல் கழன்றது கண்ணாடி, 1992இல் கன்வெர்ட்டர். வட்டப்பாதையில் டயர் உரசலில் வேகம் குறையும், நேர்ச்சாலையில் இன்னும் கூடும் என்று வாதிட்டார்கள். வாதம் நியாயமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் பெயரில் இருந்தது 220. அளந்து கிடைத்தது 217.

*

வேகத்தையாவது சாலையில் அளக்கலாம். குதிரைத்திறன் விஷயம் இன்னும் வேடிக்கை.

1971 வரை அமெரிக்க கம்பெனிகள் என்ஜினைக் காரிலிருந்து வெளியே எடுத்து, மேடையில் நிறுத்தி அளந்தன. ஏர் ஃபில்டர் கிடையாது. சைலன்சர் கிடையாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் எதுவும் கிடையாது. சட்டை, செருப்பு எல்லாம் கழற்றிவிட்டு எடை பார்ப்பது மாதிரி. இதற்கு 'மொத்தத் திறன்' என்று பெயர். 1972 மாடல்களிலிருந்து 'நிகரத் திறன்' முறைக்கு மாறினார்கள். அதாவது காரில் என்ஜின் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அளப்பது. செவ்ரோலே கார்வெட்டின் எல்டி-1 என்ஜின் 1971இல் 330 குதிரைத்திறன். மறு வருஷம் 255. என்ஜினில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. அளவுகோல்தான் மாறியது, 75 குதிரைகள் காணாமல் போயின.

'அப்படியென்றால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறைத்துச் சொன்ன கதையும் உண்டு.

1967 கார்வெட்டில் எல்88 என்றொரு என்ஜினைத் தந்தார்கள். சொன்ன திறன் 430. அதைவிட விலை குறைந்த இன்னொரு என்ஜினுக்குச் சொன்னது 435. பட்டியலைப் பார்த்தால் எவனாவது காசு கூடக் கொடுத்து ஐந்து குறைவாக வாங்குவானா? அதுதான் கம்பெனிக்கும் வேண்டியிருந்தது. எல்88 பந்தயத்துக்கான என்ஜின், உண்மையில் 500ஐத் தாண்டக்கூடியது. கடைவீதிக்கு எடுத்துப்போகிறவர்கள் அதை வாங்கிவிடக் கூடாது. அதனால் ஹீட்டரும் ரேடியோவும்கூடக் கிடையாது. அந்த வருஷம் 20 கார்கள்தான் விற்றன. விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கினார்கள்.

ஜப்பானில் ஒரு தொழிலே சேர்ந்து குறைத்துச் சொன்னது. 1980களின் கடைசியில் அங்கே சாலை விபத்துச் சாவுகள் வருஷத்துக்கு பத்தாயிரத்தைத் தாண்டின. அரசு கட்டுப்பாடு கொண்டுவருவதற்குள் நாமே ஒரு கோடு போட்டுக்கொள்வோம் என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன: எந்தக் காருக்கும் 280க்கு மேல் குதிரைத்திறன் கூடாது. அதன்பின் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் உட்பட ஒவ்வொரு பெரிய ஸ்போர்ட்ஸ் காரின் விவரப் பட்டியலிலும் அதே 280. ஆர்34 ஜிடி-ஆரை அளந்து பார்த்தவர்களுக்கு 300க்கு மேல் வந்தது. கோடு காகிதத்தில் இருந்தது, குதிரைகள் பானட்டுக்குள் இருந்தன. 2004இல் ஹோண்டா லெஜெண்ட் 300 என்று வெளிப்படையாக அறிவித்தபோதுதான் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

ஆக, கம்பெனி சொல்லும் எண்ணுக்கு எப்போதும் ஒரு கேட்பவர் இருக்கிறார். வாடிக்கையாளர் கேட்டால் எண் கூடும். காப்பீட்டுக்காரரோ அரசாங்கமோ கேட்டால் குறையும். என்ஜின் என்னவோ அதேதான்.

*

இந்த விளையாட்டு மாறத் தொடங்கியது, வாங்கியவர் கைக்கே அளவுகோல் வந்தபோது. காரை அப்படியே உருளைகள்மேல் ஏற்றி, சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரங்கள் அமெரிக்காவில் மெக்கானிக் கடைகள்வரை வந்து சேர்ந்தன. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு ஃபோர்டு சொன்னது 320 குதிரைத்திறன். வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றினார்கள். என்ஜினிலிருந்து சக்கரம்வரை போகும் வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்த பிறகும் கணக்கு இடித்தது. ஒருவருக்கு இடித்தால் இயந்திரக் கோளாறு எனலாம், வரிசையாக எல்லாருக்கும் இடித்தால்? ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்துக் காற்று உள்ளே போகும் பாதையையும் புகை வெளியேறும் பாதையையும் மாற்றிக் கொடுத்தது. 2000இல் வழக்கமான கோப்ரா மாடல் வரவேயில்லை.

மஸ்டா ஆர்எக்ஸ்-8க்கு அமெரிக்காவில் முதலில் 250 என்றார்கள், பிறகு 247, கடைசியில் 238. வேண்டாம் என்கிறவர்களிடமிருந்து காரையே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தார்கள். இந்தக் கார்களை வாங்கியவர்களில் கோடீஸ்வரர்கள் குறைவு. பல வருஷம் தவணை கட்டியவர்களே அதிகம். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளில் அந்த எண்ணும் ஒன்று. பன்னிரண்டு குதிரை குறைந்தால் ஓட்டும்போது தெரியுமா என்றால், பெரிதாகத் தெரியாது. பால்காரர் ஊற்றும் தண்ணீரும் முதலில் நாக்குக்குத் தெரியாதுதான்.

*

கடைசியாக ஒரு கதை, நம் காலத்தது. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்எஸ்சி கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நெவாடாவில் பாரம்ப் ஊருக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில் அதன் டுவாடாரா கார் ஒரு திசையில் 301 மைல், மறுதிசையில் 331 மைல், சராசரியாக மணிக்கு 316.11 மைல் போனதாம். அதாவது 508 கிலோமீட்டர். வீடியோவையும் வெளியிட்டார்கள்.

உலகமே கைதட்டியது. சில யூடியூபர்களுக்கு மட்டும் உறுத்தியது. அதே சாலையில் 2017இல் ஸ்வீடனின் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் 277.87 மைல் சராசரியோடு சாதனை செய்திருந்தது. அந்த வீடியோவும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். சாலையோர அடையாளம் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை நொடி? பள்ளிக்கூடத்தில் படித்த தூரம் வகுத்தல் நேரம், அவ்வளவுதான். திரையில் 300க்கு மேல் காட்டிய டுவாடாரா, கோனிக்செக் எடுத்துக்கொண்ட அதே அளவு நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அளவுக்கருவி செய்த டியூவெட்ரான் கம்பெனியும், தாங்கள் அந்தத் தரவைச் சரிபார்க்கவில்லை என்று கைவிரித்தது. 2021 ஜூலையில் எஸ்எஸ்சி ஒப்புக்கொண்டது: அன்று 331 மட்டுமல்ல, 301கூடத் தொடவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மைய ஓடுபாதையில் அதே கார் ஒழுங்காக அளக்கப்பட்டது. இரு திசைச் சராசரி 282.9 மைல். கோனிக்செக்கை அது உண்மையிலேயே முந்திவிட்டது! நியாயமாகக் கிடைத்த பெருமை அது. ஆனால் 316ஐக் கேட்டுவிட்ட காதுகளுக்கு 282.9 தோல்வி மாதிரி ஒலித்தது.

ஜபெக்கையும் பாரம்பையும் சேர்த்துப் பாருங்கள். 1949இல் சாட்சிகளைக் கம்பெனியே விமானம் ஏற்றிக் கூட்டிவந்தது. 2020இல் சாட்சிகள் அழைக்காமலே வந்தார்கள், அவரவர் அறையில் உட்கார்ந்தபடி. அதற்காகக் கம்பெனிகள் திருந்திவிட்டன என்று சொல்ல வரவில்லை. டெஸ்லா தன் மாடல் எஸ் பிளெய்டு 60 மைல் வேகத்தை 1.99 நொடியில் தொடும் என்றது. கார் நகரும் முதல் ஓர் அடிக்கான நேரம் அதில் சேர்க்கப்படவில்லை என்பது பொடி எழுத்தில் இருந்தது. டிராக் பந்தய மைதானங்களில் வழக்கமாக இருக்கும் கணக்குதான். அந்த ஓர் அடிக்குச் சுமார் கால் நொடி ஆகும்.

அதனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதைவிட, அதை விசாரிப்பது நல்லது. அளந்தது யார்? எந்தக் காரில், எதையெல்லாம் கழற்றிவிட்டு? போன திசையில் மட்டுமா, திரும்பி வந்தும் அளந்தார்களா? வேறு யாராவது இன்னொரு முறை அளந்து பார்க்க முடியுமா? இந்த விசாரணைக்கு நின்று பதில் சொல்லும் எண்கள் உண்டு. எக்ஸ்கே120இன் 126 அப்படிப்பட்ட ஒன்று. கண்ணாடி மாட்டி, கூரை போட்டு, ஊரார் முன்னால் ஓடிக் காட்டிய எண்.