நரம்பைக் காத்த புழுங்கல் அரிசி

புழுங்கல் அரிசிக்கு நம் ஊரில் மரியாதை கொஞ்சம் குறைவுதான். படையலுக்குப் பச்சரிசி, பொங்கலுக்குப் பச்சரிசி. புழுங்கல் அன்றாடப் பாட்டுக்கு. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவுக்குக் கூலி வேலைக்குப் போன நம்மவர்களின் கைகால் விளங்காமல் போகாதபடி காத்தது அந்த அரிசிதான்.

அன்றைய மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. முதலில் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், பிறகு கால் துவண்டு நடக்கவே முடியாது. சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த சீனர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அதே மண்ணில் ரோடு, ரயில், தோட்டம் என்று உழைத்த தமிழர்களுக்கு அபூர்வம். டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார். சீனர் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல். வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய் கிராமத்தாருக்கும் நோய் அவ்வளவாக இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியின் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். மற்ற சாப்பாடு இரு பக்கமும் ஒன்றே. கட்டடத்தில்தான் கிருமியோ என்ற சந்தேகம் தீர, இடையில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றியும் வைத்தார். ஒரு வருஷ முடிவில், பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 30-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய்; 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் இருவருக்குத்தான் நோய், அதுவும் வரும்போதே இருந்தது. சாவு ஒன்றுகூட இல்லை. சம்மதம் சொல்லவும் மறுக்கவும் முடியாதவர்களை வைத்து நடந்த சோதனை இது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இதற்கு முன்பே ஜாவாவில் டச்சு டாக்டர் ஐக்மன் கோழிகளிடம் இதைக் கண்டிருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்றார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறிவிட்டன! அந்தச் சமையல்காரரின் கறார்த்தனத்துக்கும் சேர்த்துத்தான் 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு வந்தது என்பேன். ஆனால் அரிசியில் ஏதோ விஷம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று குறைவதுதான் காரணம் என்று 1901-ல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். 1926-ல் அதே ஜாவாவில் அந்தப் பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின், பி1 வைட்டமின்.

மூளையும் நரம்பும் சர்க்கரையை எரித்துத்தான் வேலை செய்கின்றன. தயமின் இல்லாமல் அது சரியாக எரியாது. உடம்பில் அதற்குச் சேமிப்பும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கிடையாது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும்.

நம் மதராஸ் மாகாணத்திலும் தீட்டிய பச்சரிசி புழங்கிய வடசர்க்கார் ஜில்லாக்களில்தான் பெரிபெரி இருந்தது. அதை ஆராய 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே அறையில் மெக்காரிசன் தொடங்கிய வேலைதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

பெரிபெரி இன்று அரிது. ஆனால் தனியாக இருக்கும் நம் வயசுக்காரர்கள் பலர் மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சி வடித்த வெள்ளைச் சோறு, ரசம், மோர் என்று முடித்துக்கொள்கிறார்கள். புழுங்கலோடு கொஞ்சம் பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எள்ளுப்பொடி சேர்த்துக்கொள்வது சிரமமில்லை. கால் மரத்துப்போனால் மட்டும் அரிசியை மாற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். சர்க்கரை நோயாக இருக்கலாம், பி12 குறைவாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.