மருத்துவர் ஏ. வெங்கோபராவும் மனச்சோர்வு ஆய்வும்

உள்ளத்தின் நோயை ஊழ்வினை என்றும், செய்வினை என்றும், மன உறுதியின்மை என்றும் கருதிவந்த சமூகத்தில், அதனை மருத்துவத்தின்பாற்பட்டதென நிலைநாட்டுதல் எளிதன்று. தமிழ்நாட்டில் அப்பணியைச் செய்தோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவப் பேராசிரியர் ஏ. வெங்கோபராவ்.

அவர் ஆய்வில் ஈடுபட்ட காலத்தில், ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடையே மனச்சோர்வு நோய் அரிது என்னும் கருத்து மேலை மருத்துவ உலகில் பரவியிருந்தது. வெங்கோபராவ் நோயாளரிடமிருந்தே சான்று திரட்டினார். மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், தற்கொலை முயற்சிக்குப்பின் சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றிய அவரது ஆய்வு 1965இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மனச்சோர்வுற்ற 30 பேரைப் பற்றி எழுதினார். 1977இல் உடனாய்வாளர் ஒருவருடன் இணைந்து, 122 நோயாளரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவுகளைப் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார். முதியோர் மனநலமும் அவர்தம் ஆய்வுக் களமாயிற்று.

இவற்றுள் முதல் ஆய்வை நாம் தனித்து நோக்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவின்படி, தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. சட்டம் குற்றவாளியாகக் கண்ட அந்த 114 பேரையும் மருத்துவர் நோயாளராகக் கண்டார்; அவர்களைத் துன்பத்திற்கு உந்திய காரணங்களை ஆராய்ந்தார்.

இச்செய்தி பினாங்கில் வாழும் நமக்கும் நெருக்கமானது. பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், அவ்விந்தியச் சட்டத்தை அடியொற்றியதே. மலேசியச் சட்டத்திலும் அதே 309 என்னும் எண்ணுடன் அப்பிரிவு நீடித்தது. 2023இல்தான் நம் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. மதுரை ஆய்வு வெளிவந்து 58 ஆண்டுகள் கழிந்த பின்னரே சட்டம் மருத்துவரின் பார்வைக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் சட்டம் மாறியவுடன் மனங்கள் மாறிவிடுவதில்லை. செபராங் ஜெயாவின் வகுப்பறையொன்றில், நன்கு படித்த மாணவர் திடீரெனப் பின்தங்கினால், ஓயாத தலைவலி என்றோ உறக்கமில்லை என்றோ கூறினால், நாம் அதனைச் சோம்பல் என எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். மனச்சோர்வு உடல்நோவாகவும் வெளிப்படும். தணிந்தபின் மீண்டும் தலைகாட்டக்கூடிய நோயும் அதுவே. ஆகவே, தேறிய மாணவர்மீதும் நம் கவனம் நீடித்தல் வேண்டும்.

ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. கண்டிக்குமுன் கேட்டறிதலும், பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ தயங்காது அனுப்பிவைத்தலும் போதும். மாணவர்களும் தம் தோழரின் துயரை அறிந்தால் அதனை மறைத்துக் காத்தல் நட்பாகாது. நம்பத்தக்க பெரியவரிடம் அன்றே சொல்லுதலே நட்பாகும். உதவி நாடுவோரை இனிச் சட்டம் தடுக்கவில்லை; நம் ஏளனமும் தடுக்காதிருக்கட்டும்.