கமென்ட்ரி பாக்ஸ் திட்டினா டீம் பதில் சொல்லணுமா? ஒரு சின்ன வரலாறு

எங்க போடியில "ஏலம்"னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மலையில விளையுற காய். இன்னொண்ணு அந்தக் காயை விக்கிற ஏலம். ஐபிஎல் வந்த பிறகு மூணாவது அர்த்தமும் சேர்ந்திருச்சு. அந்த மூணாவது ஏலத்துல எடுத்த ஆட்களை டிவியில ஒருத்தர் குறை சொன்னதும், டீக்கடையில ரெண்டு கட்சி ஆயிடும். "டீம் சும்மா இருக்கக் கூடாது, நறுக்குன்னு பதில் கொடுக்கணும்"னு ஒரு கட்சி. "பேட் பேசட்டும், வாய் எதுக்கு?"ன்னு இன்னொரு கட்சி.

ரெண்டு கட்சியும் பார்க்காத ஒரு விஷயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. அதுக்குக் கொஞ்சம் பழைய கதை பேசணும். பதிவு நீளம்தான், பொறுமையாப் படிங்க.

ரேடியோ காலத்துல இந்தச் சண்டைக்கு இடமே இல்ல. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி குரல்களைக் கேட்டு வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. பந்து எங்க போச்சு, யார் விரட்டினாங்க, ஸ்கோர் என்ன. கண்ணால பார்க்க முடியாதவனுக்குக் கண்ணா இருக்குறதுதான் வர்ணனையாளர் வேலை. "இவரை ஏன் டீம்ல எடுத்தாங்க"ன்னு விசாரிக்க நேரமும் இல்ல, அது அவங்க பாணியும் இல்ல.

அந்தக் காலத்துலயும் வீரர் ஒருத்தர் வர்ணனையாளரை வாரின கதை ஒண்ணு சொல்வாங்க. 1936ல இங்கிலாந்து போன இந்திய டீமுக்கு கேப்டனா இருந்தவர் விஜயநகரம் மகாராஜகுமார் விஜ்ஜி. 1954ல கிரிக்கெட் வாரியத் தலைவராவும் ஆனார். ரேடியோ வர்ணனையும் பண்ணுவார், கேட்டா தூக்கம் வரும்னு பேரு. ஒரு நாள் தான் வேட்டையாடின புலிகளோட கணக்கை அவர் பெருமையாச் சொல்லிட்டிருக்க, வெஸ்ட் இண்டீஸ் ரோஹன் கன்ஹாய், "நான் என்னவோ ரேடியோவுல உங்க கமென்ட்ரியைப் போட்டுவிட்டே புலியைச் சாகடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்"கிற மாதிரி கேட்டாராம். நடந்துச்சோ, கட்டின கதையோ. வாரியத் தலைவரும் வர்ணனையாளரும் ஒரே ஆள்ங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இந்தக் கதையில அது திரும்பத் திரும்ப வரும்.

டிவி வந்ததும் பார்க்குறவனுக்கே பந்து தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்போ கமென்டேட்டருக்கு என்ன வேலை? கருத்து சொல்றது. அதுக்கு முன்னாள் வீரர்கள் வந்தாங்க. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனிச் சிக்கல். இந்தியாவுல நடக்குற மேட்ச்களுக்கு மைக் பிடிக்கிறவங்களை பிசிசிஐயே ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்துச்சு. யாரை விமர்சிக்கணுமோ அவங்களே சம்பளம் கொடுக்குற முதலாளி. 2013ல ஆஸ்திரேலியா இங்க டெஸ்ட் ஆட வந்தப்போ இயான் சேப்பலைக் கூப்பிட்டாங்க. டிஆர்எஸ், டீம் தேர்வு, வாரிய நிர்வாகம் இதையெல்லாம் பேசக்கூடாதுன்னு நிபந்தனை. "அப்போ நான் வரலை"ன்னுட்டார். ஒத்துக்கிட்டு உட்கார்ந்தவங்க பேச்சைத்தான் நாம "நிபுணர் கருத்து"ன்னு கேட்டோம்.

அடுத்து 2016. ரெண்டே வாரத்துக்குள்ள ரெண்டு சம்பவம், ரெண்டும் டி20 உலகக் கோப்பையில.

மார்ச் 23, பெங்களூரு. வங்கதேசத்தை இந்தியா ஒரே ஒரு ரன்ல ஜெயிச்ச ராத்திரி. அமிதாப் பச்சன் ஒரு ட்வீட் போட்டார்: இந்திய வர்ணனையாளர் எப்பவும் மத்தவங்களைப் பத்தியே பேசாம நம்ம ஆட்களைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமேங்கிற அர்த்தத்துல. யார் பேரும் சொல்லலை. தோனி அதை எடுத்துப் போட்டு, சேர்க்க ஒண்ணுமில்லன்னு ரெண்டு வார்த்தை எழுதினார். அவ்வளவுதான். ஹர்ஷா போக்ளேவைத்தான் சொல்றாங்கன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. உலகம் முழுக்கப் போற இங்கிலீஷ் வர்ணனை ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாத்தான் இருக்கணும்னு அவர் விளக்கம் எழுதினார். ஏப்ரல்ல ஐபிஎல் தொடங்குறப்போ பேனல்ல அவர் பேர் இல்ல. காரணம் யாரும் சொல்லலை. தனக்கே தெரியலைன்னு அவரே எழுதினார்.

ஏப்ரல் 3, கொல்கத்தா ஃபைனல். கடைசி ஓவர்ல 19 ரன் வேணும், பிராத்வெயிட் ஸ்டோக்ஸை வரிசையா நாலு சிக்ஸ் அடிச்ச மேட்ச். போட்டிக்கு முன்னாடி மார்க் நிக்கோலஸ் ஒரு கட்டுரையில வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கு மூளை கம்மிங்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தார். அவர் டிவி வர்ணனையாளர். கோப்பை ஜெயிச்ச கையோட டேரன் சாமி மைக்ல பேர் சொல்லியே கேட்டார்: எங்களை மூளையில்லாதவங்கன்னு சொன்னாங்க, அதுதான் எங்களை ஒண்ணாச் சேர்த்துச்சுன்னு. கறுப்பின வீரர்களைப் பார்த்து மூளை இல்லைன்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதுறதுக்குப் பின்னாடி எத்தனை வருஷ வரலாறு இருக்குன்னு விளக்கத் தேவையில்ல. இங்க சும்மா இருந்திருந்தாத்தான் தப்பு. நிக்கோலஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

அதே பேச்சுல சாமி தன் சொந்த வாரியத்தையும் விடலை. சீருடை கூட ஒழுங்கா வரலை, எங்க மேனேஜர் அலைஞ்சு பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்தார்னு சொன்னார். நாலு மாசம் கழிச்சு ஆகஸ்ட்ல அவர் கேப்டன் இல்ல. போன்ல 30 செகண்ட்ல சொல்லி முடிச்சிட்டாங்கன்னு அவரே சொன்னார். ரெண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையான்னு நான் சொல்ல வரலை. வர்ணனையாளருக்குச் சொன்ன பதிலுக்கு மன்னிப்பு வந்துச்சு, முதலாளியைக் கேட்ட கேள்விக்கு போன்கால் வந்துச்சு. வரிசை அதுதான்.

இப்போ எல்லாருக்கும் பிடிச்ச 2019. சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஒருநாள் போட்டியில ஜடேஜா மாதிரி துண்டு துக்கடா ஆட்டக்காரங்க தனக்குப் பிடிக்காதுன்னு சொன்னார். ஜூலை 3ஆம் தேதி ஜடேஜா ட்வீட் போட்டார்: நீங்க ஆடினதைவிட ரெண்டு மடங்கு மேட்ச் நான் ஆடியிருக்கேன், சாதிச்சவங்களை மதிக்கக் கத்துக்கோங்க. கடைசியில "வெர்பல் டயரியா"ன்னு ஒரு நோயையும் கண்டுபிடிச்சார். (இதுக்கு ஓஆர்எஸ் வேலை செய்யாது. நாங்க பார்த்துட்டோம்.)

ஒரு வாரத்துல மான்செஸ்டர் செமி ஃபைனல். 240 துரத்தி 92க்கு 6 விக்கெட். ஜடேஜா வந்து 59 பந்துல 77. அரைசதம் அடிச்சதும் பேட்டை வாள் மாதிரி சுழத்திட்டு கமென்ட்ரி பாக்ஸ் பக்கம் கையைக் காட்டினார். 18 ரன்ல தோத்தோம், ஆனா அந்த இன்னிங்ஸை யாரும் மறக்கலை. மஞ்ச்ரேக்கரும் நேர்மையா ஒத்துக்கிட்டார், ஜடேஜா என்னைத் துண்டு துண்டாக் கிழிச்சிட்டார்னு.

எனக்கு இதுல பிடிச்சது அந்த 77. பிடிக்காதது "நான் உன்னைவிட ரெண்டு மடங்கு ஆடியிருக்கேன்"ங்கிற வாதம். ஏன்னா அது எங்க போய் முடியுதுன்னு அதே வருஷம் நவம்பர்ல பார்த்தோம். ஈடன் கார்டன்ஸ் பிங்க் பால் டெஸ்ட். பந்து வீரர்களுக்குச் சரியாத் தெரியுதான்னு அவங்ககிட்டயே கேட்கலாமேன்னு ஹர்ஷா சொல்ல, ஆடினவங்களுக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் கேட்கணும்ங்கிற தொனியில மஞ்ச்ரேக்கர் நேரலையிலேயே மட்டம் தட்டினார். ஜூலையில தான் வாங்கின அதே அடியை நவம்பர்ல ஹர்ஷாவுக்குக் கொடுத்தார். அப்புறம் அதுக்கு வருத்தமும் தெரிவிச்சார்.

டாக்டர்களுக்கு இந்த வியாதி நல்லாத் தெரியும். "நீங்க எம்பிபிஎஸ் படிச்சிருக்கீங்களா?"ன்னு நோயாளியோட அண்ணன்கிட்ட எகிறுற டாக்டரை நான் நிறையப் பார்த்திருக்கேன். அந்த மனுஷன் கேட்டது "ஏன் ரெண்டு மணி நேரமா யாரும் வந்து பார்க்கலை?" அதுக்கும் எம்பிபிஎஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

2020 மார்ச்ல பிசிசிஐ பேனல்ல இருந்து மஞ்ச்ரேக்கரும் நீக்கப்பட்டார். வெளிப்படையான காரணம் இதுக்கும் இல்ல. ஆனா 2022 ஆகஸ்ட் 28, துபாய். ஆசிய கோப்பையில பாகிஸ்தானை ஜெயிச்ச பிறகு ஜடேஜாவைப் பேட்டி எடுக்க வந்தவர் அதே மஞ்ச்ரேக்கர். முதல் கேள்வியே, என்கூடப் பேசறதுல உங்களுக்குப் பிரச்சினை இல்லையே? ஜடேஜா சிரிச்சுக்கிட்டே, ஒண்ணும் இல்லைன்னார். ஊரறிய திட்டிக்கிட்டவங்க ஊரறிய சமாதானம் ஆயிட்டாங்க. பின்வாசல் வழியா அனுப்பப்பட்டவருக்கு யார்கிட்ட போய்ச் சமாதானம் ஆகுறதுன்னே தெரியாது.

நம்ம சிஎஸ்கே கதைக்கு வருவோம். 2020 அக்டோபர் 19, அபுதாபி, ராஜஸ்தானோட மேட்ச். 20 ஓவர்ல 125தான் எடுத்தோம், தோத்தோம். இளைஞர்கள்கிட்ட பெரிசா ஒரு "ஸ்பார்க்" தெரியலைன்னு தோனி சொன்னார். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ல ஸ்ரீகாந்த் பொங்கிட்டார். கேதார் ஜாதவ்கிட்ட என்ன ஸ்பார்க் இருக்கு, சாவ்லாகிட்ட என்ன இருக்கு, பெங்களூருக்கு எதிரா 33 அடிச்ச ஜெகதீசன் எங்க, இந்த "ப்ராசஸ்" பேச்சே அர்த்தமில்லன்னு. பேசினவர் யாரு? 83 ஃபைனல்ல ஆடினவர், 2011 உலகக் கோப்பை டீமைத் தேர்வு பண்ணின குழுவோட தலைவர், 2008ல சிஎஸ்கேவுக்கே விளம்பரத் தூதர். வேற ஊர்க்காரர் சொல்லலை, வீட்டுப் பெரியவர் கூடத்துல நின்னு கத்தின மாதிரி.

சிஎஸ்கே ஒரு வார்த்தை பதில் சொல்லலை. ஆனா அடுத்த மேட்ச்ல ருதுராஜும் ஜெகதீசனும் டீம்ல இருந்தாங்க. மும்பைக்கு எதிரா ஷார்ஜாவுல. ருதுராஜ் 0, ஜெகதீசன் 0, 3 ரன்னுக்கு 4 விக்கெட், 10 விக்கெட்ல தோல்வி. அன்னைக்கு ராத்திரி எங்க ஊர்ல "தோனி சொன்னது சரிதானே"ன்னு கேட்டவங்க நிறைய. அதுக்கப்புறம் ருதுராஜ் ஸ்கோர் பாருங்க: அவுட் ஆகாம 65, 72, மறுபடி அவுட் ஆகாம 62. 2021ல 635 ரன், ஆரஞ்சு கேப், டீமுக்குக் கோப்பை.

இதுல டாக்டரா ஒரு குறிப்பு. ருதுராஜுக்கு அந்த சீசன் ஆரம்பத்துல கோவிட். அதனால பயிற்சி நாட்கள் போச்சுன்னு தோனி பிறகு சொன்னார். இதை 19ஆம் தேதி ராத்திரியே சொல்லியிருந்தா? "பையன் இப்பதான் எழுந்து வர்றான், கொஞ்சம் நேரம் கொடுக்குறோம்"னு ஒரே வரி. ஸ்ரீகாந்துக்குப் பதிலும் ஆச்சு, "ஸ்பார்க் இல்லை"ங்கிற சொல் அந்தப் பையன் தலையில விழுந்திருக்கவும் வேணாம். டீம்கிட்ட இருந்து நான் எதிர்பார்க்குற பதில் இதுதான். ரோஷம் வேணாம், தகவல் போதும்.

கோலி, கவாஸ்கர் சண்டையைச் சுருக்கமா முடிச்சிடுறேன். 2024ல கோலி ஸ்ட்ரைக் ரேட்டை கவாஸ்கர் குறை சொன்னார். ஏப்ரல் 28 குஜராத் மேட்ச் முடிஞ்சு, பாக்ஸ்ல உட்கார்ந்து பேசறது வேற, களத்துல நிக்கிறது வேறன்னு கோலி சொன்னார். வெளிச்சத்தத்தைக் கண்டுக்கிறதில்லன்னா அதுக்கு ஏன் பதில்னு கவாஸ்கர் திருப்பிக் கேட்டார். அதோட விடலை. கோலி பேசின அந்த க்ளிப்பைத் திரும்பத் திரும்பப் போட்ட தன் சேனலையே கண்டிச்சார். அதுதான் முக்கியமான இடம். சண்டையில ரெண்டு பேருக்கும் லாபம் இல்ல, நடுவுல விளம்பரம் ஓட்டினவனுக்குத்தான்.

இப்போ 2025. அஸ்வின் அப்போ சிஎஸ்கேவுக்கு ஆடிட்டிருந்தார், அவர் பேர்ல யூடியூப் சேனலும் ஓடிட்டிருந்துச்சு. அதுல விருந்தினரா வந்த அனலிஸ்ட் பிரசன்னா அகோரம், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது நூர் அகமது எதுக்கு, ஒரு பேட்ஸ்மேனை எடுக்கலாமேன்னார். சர்ச்சை ஆச்சு. பத்திரிகையாளர்கள் கேட்டப்போ, அப்படி ஒரு சேனல் இருக்கிறதே தெரியாது, அது தேவையில்லாத பேச்சுன்னு கோச் ஃப்ளெமிங் முடிச்சிட்டார். சில நாள்ல, இந்த சீசன் முழுக்க சிஎஸ்கே மேட்ச்களைப் பேச மாட்டோம்னு சேனலே அறிவிச்சிருச்சு.

அந்த விமர்சனம் தப்புன்னுதான் நானும் சொல்வேன். நூர் முதல் மேட்ச்லயே மும்பைக்கு எதிரா 18 ரன்னுக்கு 4 விக்கெட். சீசன் முடியும்போது 24. பதில் ஸ்கோர்கார்டுலயே இருந்துச்சு, எடுத்துக் காட்ட அரை நிமிஷம் போதும். ஆனா நடந்தது என்ன? தமிழ்ல ஸ்கோருக்கு அப்பால கிரிக்கெட்டைப் பிரிச்சுப் பேசுற மிகச் சில இடங்கள்ல ஒண்ணு, தமிழ்நாட்டு டீமைப் பத்தி மட்டும் பேசாம இருந்துச்சு. மலைக்கு வேலைக்குப் போயிட்டு ஜீப்ல இறங்கி வர்ற பசங்க, சிக்னல் கிடைச்சதும் போன்ல பார்க்குறது இதைத்தான். பந்து ஏன் திரும்புது, ஃபீல்டர் ஏன் அங்க நிக்கிறான்னு அவங்களுக்குச் சொல்ல வேற கோச் கிடையாது. அந்த வருஷம் டீம் பத்தாவது இடம், கடைசி. ஏன் தோக்குறோம்னு பேச வேண்டிய வருஷம்தான் அது.

எங்க ஊர் ஏலக்காய் ஏலத்துல சாம்பிளைக் கையில உருட்டிப் பார்த்துட்டு வியாபாரி "நிறம் பத்தாது"ம்பார். விவசாயிக்கு விலை பிடிக்கலைன்னா சரக்கைத் திரும்ப எடுத்துக்கலாம். "எடை பாருங்க, பருமன் பாருங்க"ன்னு வாதாடலாம். அந்த வியாபாரி நாளைக்கு ஏலத்துக்கே வரக்கூடாதுன்னு மட்டும் பண்ண முடியாது.

"அரசு டாக்டர் நீங்க, டிவியில ஆஸ்பத்திரியைத் திட்டினா பதில் சொல்றீங்களா?"ன்னு கமென்ட்ல கேட்பீங்க, தெரியும். எங்களுக்கு 1973 அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் இருக்கு, நினைச்சபடி மைக் பிடிக்க முடியாது. ஆனா ஒரு தாய் பிரசவத்துல இறந்தா மாவட்ட அளவுல தணிக்கை நடக்கும். கேஸ் ஷீட்டை வெச்சு, எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்கு ரத்தம் ஏத்தினீங்கன்னு முகத்துக்கு நேரா கேட்பாங்க. நாங்க மணியைச் சொல்லித்தான் ஆகணும். கேட்டவரை அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிடாம விட எங்களால முடியாது. முடிஞ்சிருந்தா அந்தத் தணிக்கையால யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஸ்ரீகாந்த் இப்பவும் தன் மகனோட சொந்த யூடியூப் சேனல்ல சிஎஸ்கேவைக் கிழிச்சிக்கிட்டுத்தான் இருக்கார். பாதிக்குப் பாதி எனக்கு ஒத்துவராது. ஒரு எபிசோடும் விடுறதில்ல.